வீட்டுத் தமிழும் பாடசாலை ஆங்கிலமும்

பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்ற கவலை இல்லாத தமிழ் வீடு இன்று இலங்கையில் அரிது. கொழும்பிலே மாடிவீட்டில் இருப்பவருக்கும் அக்கவலை உண்டு; கிளிநொச்சியில் வயல் செய்பவருக்கும் உண்டு. கவலை ஒன்றாயினும் அவர்கள் தேடும் பரிகாரம் வேறு. முன்னவர் வீட்டிலிருந்து தமிழை அகற்றி ஆங்கிலத்துக்கு இடம் பண்ணுகின்றார். பின்னவரோ, 'எங்களுக்குத் தெரியாத பாஷை. நாங்கள் என்ன செய்யிறது?' என்று பிள்ளையை ரியூசன் வகுப்பில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கின்றார். இருவரும் தம் கையிலிருக்கும் கருவியைக் காணாது விடுகின்றனர். வீட்டிலே பேசும் தமிழே அக்கருவி.

முதலில் முன்னவர் வீட்டைப் பார்ப்போம். தாயும் தந்தையும் தமிழ்மொழி மூலம் பயின்று உத்தியோகம் பெற்றவர்கள். அலுவலகக் கடிதத்துக்குப் போதிய ஆங்கிலம் அவர்களிடம் உண்டு; குழந்தையோடு கொஞ்சவும், கதை சொல்லவும், கோபிக்கவும், பின்னர் சமாதானம் பண்ணவும் போதிய ஆங்கிலம் இல்லை. ஆயினும் குழந்தை பாலர் வகுப்பிற் சேர்ந்த அன்று முதல் வீட்டில் ஆங்கிலமே பேசுவதென்று விரதம் பூணுகின்றனர். விளைவு யாது? 'கம்', 'சிற்', 'ஈற்', 'டோன்ற் ரச்' என்னும் நாலைந்து ஏவல்களே அவ்வீட்டின் மொழியாகிவிடுகின்றன. மழை எப்படிப் பெய்கின்றது, காகம் ஏன் கூட்டமாய்க் கரைகின்றது, அடுத்த வீட்டார் ஏன் சண்டை பிடித்தனர் என்று பிள்ளை கேட்குமிடத்துத் தாயின் ஆங்கிலம் அவ்வளவு தூரம் போவதில்லை. 'லேற்றர்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. ஏன், எதனால், அப்படியானால் என்று தொடுத்துத் தொடுத்துப் பேசும் பேச்சிலேதான் பிள்ளையின் சிந்தனை வளர்கின்றது. பெற்றோர் எந்த மொழியில் அதனைத் தடையின்றிப் பேச வல்லரோ அந்த மொழியிலேதான் பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியும்.

இதனினும் மனத்தை உறுத்துவது வேறொன்று. விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் அம்மம்மாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கின்றது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகின்றது. 'எங்கை ராசா நோகுது?' என்று அம்மம்மா கேட்கின்றார். 'நோகுது' என்ற சொல் பிள்ளைக்குத் தெரியாது. இத்தகைய வீடுகளைக் கொழும்பில் மாத்திரமன்றி யாழ்ப்பாண நகரிலும் இப்பொழுது காணலாம்.

<b>குழப்பம் என்னும் பயம்</b>

இரு மொழிகளை ஒருங்கே கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்ற பயமே இவ்விரதத்துக்குப் பெரும்பாலும் காரணம். படித்தவர்களும் இவ்வாறு புத்தி சொல்வதுண்டு. இப்பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கின்றது. 1923ஆம் ஆண்டிலே சேயர் என்பவர் வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளைச் சோதித்து, நாட்டுப்புறத்திலே வெல்ஷ், ஆங்கிலம் ஆகிய இரண்டையும் பேசும் பிள்ளைகள் அறிவுச் சோதனைகளிற் பின்தங்குகின்றனர் என்று வெளியிட்டார். அம்முடிவு நெடுங்காலம் நிலைத்தது. பின்னர் வந்த ஆய்வாளர், பிள்ளைகளின் குடும்ப நிலையையும் வசதியையும் சரிவர ஒப்புநோக்காமல் மொழியின் மேற் பழியைப் போட்டுவிட்டனர் என்று அதனைக் கண்டித்தனர். 1962இல் கனடாவின் மொன்றியல் நகரிலே பீல், லாம்பேட் என்னும் இருவர், ஒத்த குடும்ப நிலையிலுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துச் சோதித்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்த பிள்ளைகளே ஒரு மொழி மட்டும் அறிந்தவரை விட மேலாகச் செய்தனர். இரு மொழிகளையும் நன்கு அறிந்தவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்றை இழந்து மற்றதைப் பெற்றவர் அல்லர்.

'அம்மா, வோட்டர் தாங்கோ' என்று சிறு பிள்ளை இரண்டையும் கலந்து பேசினால் அது குழப்பமன்று. எந்தப் பெட்டியிற் சொல் அகப்பட்டதோ அந்தப் பெட்டியிலிருந்து எடுக்கின்றது, அவ்வளவுதான். தாய் கடிந்துகொள்ளாமல், 'தண்ணி வேணுமோ? இந்தா தண்ணி' என்றால் மறுமுறை சொல் தானாக வரும்.

நம்மவர் வரலாறும் இதற்குச் சாட்சி. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆரம்பித்து 1855 வரை நடத்திய செமினரியிலே உயர்ந்த ஆங்கிலக் கல்வியோடு தமிழிலக்கியமும் கற்பிக்கப்பட்டது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அவரே 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் அவரே. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒப்பிட்டு 'மதங்க சூளாமணி' எழுதவும், 1947இல் 'யாழ் நூல்' வெளியிடவும் அவருக்கு இரண்டு கைகளும் உதவின. இவர்கள் மேதைகள், நம் பிள்ளைகள் சாதாரணர் என்று சொல்லலாம். சாதாரணப் பிள்ளைக்கே தாய்மொழித் துணை அதிகம் வேண்டும்.

<b>தமிழ் எவ்வாறு உதவுகின்றது?</b>

இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில், தமிழ் வேண்டும் என்று மேடையிற் பேசுவோர் பலர், அது ஆங்கிலப் பாடத்துக்கு எந்த இடத்திற் கைகொடுக்கின்றது என்று காட்டுவோர் சிலர்.

ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளை வருத்துவனவற்றுள் 'அ', 'த' என்று பெயருக்கு முன்னே வரும் சிறு சொற்கள் முக்கியமானவை. விதிகளை மனனம் பண்ணிய மாணவனும் அவற்றைத் தவறவிடுகின்றான். ஆனால் அவன் மூன்று வயதிலே கேட்ட கதை எப்படித் தொடங்கியது? 'ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தான். அந்த ராசாவுக்கு ஒரு மகள் இருந்தாள். அந்த மகள்...' முதன்முறை சொல்லும்போது 'ஒரு'. கேட்பவருக்குத் தெரிந்துவிட்ட பின் 'அந்த'. ஆங்கில விதியின் பெரும்பகுதி இவ்வளவுதான். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதனை ஐந்து நிமிடத்திற் காட்டிவிடலாம். தமிழில் இவற்றை வேண்டாதபோது விட்டுவிடலாம், ஆங்கிலத்தில் விட முடியாது என்பதை மட்டும் பின்னர் சொல்லிக்கொடுக்க வேண்டும். கதையே கேளாத பிள்ளைக்கு எதனைக் காட்டுவது?

சொல்லின் வரிசை இன்னொன்று. 'புலி மனிதனைக் கொன்றது' என்றாலும் 'மனிதனைப் புலி கொன்றது' என்றாலும் இறந்தவன் மனிதனே. 'ஐ' என்னும் உருபு காவல் நிற்கின்றது. ஆங்கிலத்தில் அப்படியொரு காவல் இல்லாமையால், பெயர்களை இடம் மாற்றினால் புலி இறந்துபோகும். இதைச் சொன்னவுடன் வகுப்பு சிரிக்கும். சிரித்த பிள்ளைகள் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற ஆங்கில வரிசையை எளிதில் மறப்பதில்லை. அவ்வாறே 'பெட்டியில்', 'மேசையில்', 'வீட்டில்' என்று நாம் ஒரே 'இல்' உருபால் முடிப்பதை ஆங்கிலம் 'இன்', 'ஒன்', 'அற்' என்று மூன்றாகப் பிரிக்கின்றது. உள்ளேயா, மேலேயா, ஓரிடத்திலா என்று பிள்ளை ஒரு கணம் யோசிக்கப் பழகவேண்டும். யோசிப்பது தமிழிலாயிருந்தாற் குற்றமில்லை.

பேச்சிலே ஒரு பொறி உண்டு. 'நீ இன்னும் சாப்பிடேல்லையோ?' என்று கேட்டால், சாப்பிடாதவன் 'ஓம், சாப்பிடேல்லை' என்பான். கேட்டவர் சொன்னது மெய் என்பது அந்த 'ஓம்' என்பதன் பொருள். ஆங்கிலத்திலே அதே இடத்தில் 'நோ' என்றே சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் 'யெஸ்' என்று சொல்லி வெள்ளைக்காரரைத் திகைக்க வைப்பது அறியாமையாலன்று. இரு மொழிகளும் இரு வேறு கணக்குப் போடுகின்றன. தமிழ்க் கணக்கை அறிந்து மாற்றிக்கொடுக்கும் ஆசிரியருக்கு இது ஒரு பாடவேளை வேலை. அறியாத ஆசிரியர் வருடம் முழுவதும் சிவப்பு மையாற் கீறிக்கொண்டிருப்பார்.

ஒலியிலே நமக்கு ஒரு வசதியும் ஒரு இடரும் இருக்கின்றன. 'காற்று', 'வெற்றி' என்னும் சொற்களில் வரும் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் நாநுனி மேற்பல்லின் ஈறைத் தொட ஒலிக்கின்றனர். ஆங்கிலேயரின் 'ரீ' எழுத்தின் ஒலி பிறக்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. 'யூனிவேசிற்றி' என்று நாம் எழுதுவதைத் தமிழகத்தார் வியப்போடு நோக்குவர்; நம் காதுக்கு அது பொருத்தமாகவே இருக்கின்றது. இடர் யாதெனில், தமிழிலே வல்லெழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்தே அதன் ஒலி மாறும். 'கடல்', 'பகல்', 'சங்கு' மூன்றிலும் ககரம் ஒன்று, ஒலி மூன்று. நாம் அதனைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்திலோ அவ்வொலி வேறுபாட்டாற் பொருளே வேறாகும். பன்றியைக் குறிக்கும் சொல்லையும் 'பெரிய' என்பதைக் குறிக்கும் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றே வரும். இதற்கு ஒரு சிறு வித்தை: வாய்க்கு முன்னே ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்ல வேண்டும். பன்றிக்குரிய சொல்லிற் கடதாசி பறக்கும், மற்றதிற் பறவாது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, வீட்டிலும் செய்யலாம்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தோ', 'த்ரூ', 'ரஃப்' என்னும் மூன்று சொற்களும் 'ஓ, யூ, ஜீ, எச்' என்னும் அதே நான்கு எழுத்துக்களில் முடிவதைக் கண்டு மனமுடையாத பிள்ளை இல்லை. 'நைஃப்' என்பதன் முதலிலே வாய்பேசாது நிற்கும் 'கே' ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டது என்றும், 1476இல் காக்ஸ்ரன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்த பின்னர் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோக, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போயிற்று என்றும் சொன்னால், அது தன் மூளையின் குறையன்று என்று பிள்ளை ஆறுதலடையும்.

<b>நாற்பது பேரும் நாற்பது நிமிடமும்</b>

வகுப்பறையின் நிலைமையையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள் இருப்பின், ஆசிரியர் வாயே திறவாதிருந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடந்தான் பேசக் கிடைக்கும். ஆகவே பிள்ளைகளை இருவர் இருவராக்கி ஒருவரோடொருவர் பேசவிடுவதே வழி. வகுப்பு இரையும், அடுத்த வகுப்பு ஆசிரியர் முறைப்படுவார், இரையட்டும். ஆங்கில வகுப்பிலே தமிழ்ச் சொல் காதில் விழலாகாது என்ற கண்டிப்பும் வேண்டாதது. பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கியும் விளங்காததை ஒரு தமிழ்ச் சொல் விளக்குமாயின், மிஞ்சிய ஒன்பதே முக்கால் நிமிடத்தைப் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம்.

சிரிப்பைத்தான் வகுப்பிலிருந்து விலக்கவேண்டும். பிழைவிட்டவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பைச் சொல்கின்றேன். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று கேலியாக அழைப்பர். வாள் என்பது அதன் பொருள். 1987இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. கிராமத்துப் பிள்ளையின் அநுபவத்தில் அது வெட்டும் மொழியாகவே இருந்து வருகின்றது. ஒருமுறை நகையாடப்பட்ட பிள்ளை ஆண்டுக்கணக்காக வாய்திறவாது இருப்பதை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர்.

<b>ஆங்கிலம் அறியாத வீடு</b>

இனி, ஒதுங்கி நிற்கும் அந்த விவசாயியிடம் வருவோம். ஆங்கிலம் அறியாத பெற்றோர் செய்யக்கூடியது மிகப் பல. பிள்ளை நாள்தோறும் தன் ஆங்கில வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கட்டும். தாய் அடுப்படியில் வேலையைச் செய்தபடியே கேட்கட்டும். வாசித்து முடிந்ததும், 'இப்ப அதைத் தமிழிலை சொல்லு பாப்பம்' என்று கேட்டால் போதும். தமிழிற் சொல்ல வராவிட்டால் பிள்ளை வாயால் வாசித்ததேயன்றி மனத்தால் வாசிக்கவில்லை என்பது தாய்க்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். இதற்குத் தாய் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. 'இதுக்கு இங்கிலீசிலை என்ன சொல்லுறது?' என்று பிட்டுக் குழலையும் அகப்பையையும் காட்டித் தகப்பன் கேட்கலாம். பிள்ளை ஆசிரியராகும், தெரியாத சொல்லை மறுநாள் பாடசாலையிற் கேட்டுவந்து சொல்லும். பிட்டுக் குழலுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் அகப்படாது என்று கண்டுபிடித்து வருவதும் ஒரு பாடமே.

நல்ல ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். ரியூசனுக்குக் கொடுக்கும் பணத்திற் சிறு பங்கு அதற்குப் போதும். நாளுக்கு ஐந்து சொற்கள். ஒவ்வொன்றையும் ஒரு வசனத்தில் வைத்துக் கொப்பியில் எழுதுதல். தனிச் சொல்லாக மனனம் பண்ணியது பரீட்சை முடிய மறையும்.

ஆங்கிலம் நன்கு அறிந்த பெற்றோரும் உண்டு. அவர்கள் ஆங்கிலத்துக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குதல் நன்று; இராச் சாப்பாட்டின் பின் அரைமணி நேரம் ஒரு கதைப் புத்தகத்தோடு இருந்தாற் போதும். பிள்ளை 'ஹீ கோ' என்றால், 'பிழை, மூன்றாமிடத்து ஒருமை' என்று இலக்கணம் தொடங்காமல், 'யெஸ், ஹீ கோஸ்' என்று திருத்திய வடிவத்தைத் தாமே சொல்லிக் கதையைத் தொடரலாம். கைப்பேசியைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். அதில் ஆங்கிலம் கொட்டிக் கிடக்கின்றது. ஆனால் மணிக்கணக்காகப் படம் பார்க்கும் பிள்ளை கேட்கின்றதேயன்றிப் பேசுவதில்லை. ஒரே சிறு கதையை மூன்று நாள் கேட்டு, நாலாம் நாள் அதைத் தானே சொல்வதால் வரும் பயன் மற்றதால் வாராது.

<b>ஆறாந் தரத்திலே ஒரு தீர்மானம்</b>

சில பாடசாலைகளில் ஆறாந் தரம் முதல் விஞ்ஞானம், கணிதம் முதலிய சில பாடங்களை ஆங்கில மூலம் கற்கும் இருமொழிக் கல்வி, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து நடந்து வருகின்றது. இதிற் பிள்ளையைச் சேர்ப்பதா என்று பெற்றோர் தத்தளிக்கின்றனர். பிள்ளை விறுவிறென்று ஆங்கிலம் பேசுகின்றது, ஆகவே விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் படிக்கும் என்று எண்ணிவிடுதல் பெரும்பாலோர் கொள்ளும் மயக்கம். கனடாவிலே குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் அறிஞர், விளையாட்டிடத்துப் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டிற் கைவந்துவிடுகின்றது என்றும், பாடநூலின் மொழி அந்நாட்டுப் பிள்ளைகளின் தரத்துக்கு வருவதற்கு 5 முதல் 7 ஆண்டு செல்லும் என்றும் 1981இல் எழுதினார். அப்பிள்ளைகள் வீதியிலும் கடையிலும் நாள் முழுவதும் ஆங்கிலம் கேட்பவர்கள். நம் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு மொழியிற் பெற்ற வாசிப்புத் திறனும் கருத்தும் மற்ற மொழிக்கும் கடந்து செல்லும் என்பதும் அவர் கூறியதே. நீர் ஆவியாகி முகிலாகி மழையாவதைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை ஆங்கிலத்திற் புதிதாகக் கற்பது சில பெயர்களை மாத்திரமே.

ஆகவே விண்ணப்பப் பத்திரத்தை நிரப்புமுன் பெற்றோர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளை முன்பு வாசியாத விஞ்ஞானப் பக்கம் ஒன்றைத் தமிழிற் கொடுத்து, வாசித்தபின் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுக. தொடர்பறாமற் சொன்னால், மறுநாள் எளிய ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் கொடுத்து, அதனைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தன் விருப்பப்படி சொல்லவிடுக. பாதிக்கு மேற் கருத்து வருமாயின் தயங்காமற் சேர்க்கலாம். தமிழ்ப் பக்கத்திலேயே தடுமாறினால், அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது ஆங்கில வகுப்பன்று. ஒரு வருடத்துக்கு நாள்தோறும் தமிழ்ப் புத்தகம் வாசித்தலும், வாசித்ததைப் பக்கத்தில் இருந்து கேட்க ஒருவரும்.